நாற்பத்தாறு டோக்கன்கள்

கால்நடை மருத்துவம் படிக்கிற எங்களை ஆடுகளைப் போல எண்ணித்தான் அரங்கத்துக்குள் விட்டார்கள். எண்ணியது நான்தான். மூன்றாம் வருஷ வகுப்புக்கு நான் லீடர். பெரிய பதவி என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பொறுப்பாசிரியை தமிராக்கா தான் செய்யக் கூச்சப்படுகிற வேலைகளையெல்லாம் தள்ளிவிடுவதற்கு ஒரு ஆள், அவ்வளவுதான்.

அன்றைய வேலை டோக்கன் பிடுங்குவது. வெளியே மைனஸ் பதினெட்டு. எங்கள் பிஷ்கெக் நகரத்தில் ஜனவரி மாதம் கோட்டில்லாமல் தெருவில் இறங்கினால் பஸ் நிறுத்தம் போய்ச் சேருவதற்குள் காது மரத்துவிடும். அரங்கத்திலோ கோட்டோடு உள்ளே விடமாட்டார்கள். வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு, நம்பர் போட்ட ஒரு தகர வட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தகரத்தை ஒவ்வொருவரிடமிருந்தும் வாங்கித் துணிப்பையில் போடச் சொல்லி உத்தரவு. டோக்கன் இல்லையென்றால் கோட்டு இல்லை, கோட்டு இல்லையென்றால் எவனும் நடுவில் ஓட முடியாது. எங்கள் கல்லூரியில் இப்படித்தான் கலையை வளர்க்கிறார்கள்.

"ஏன் மாரல், எங்க ஊர்ல ஆட்டுக்குக் காதுலதான் நம்பர் போடுவாங்க. நீ தோலையே உரிச்சு வாங்கி வச்சுக்கறியே" என்றான் இலியாஸ். வகுப்பில் வாயை மூடத் தெரியாதவன் அவன்.

"குடுடா. பின்னாடி எல்லாரும் நிக்கறாங்க."

"உனக்கென்னம்மா, உங்கக்கா மேடையில உக்காந்திருக்கா. எங்களுக்கு அங்க யாரு இருக்கா? அத்தை மகளா?"

அவன் கையிலிருந்த தகரத்தைப் பிடுங்கிப் பையில் போட்டேன். நாற்பத்தாறு. பை கையை இழுத்தது. எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது, ஆனால் அப்போது அது தமிராக்கா மேல் வந்த அருவருப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இலியாஸ் சொன்னது நிஜம். என் அக்கா ஜிபெக் அந்த இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள். மூன்று வருஷமாக அவளும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒரே நாலு வரியை நாற்பது தடவை தேய்ப்பதைக் கேட்டுக் கேட்டு, பசுவின் வயிற்றில் எத்தனை அறை என்று நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள்கூட கச்சேரிக்குப் போனதில்லை. அவள் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே தங்கை மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கு வெட்கம். எனக்கோ, உண்மையைச் சொன்னால், சோம்பல்.

இந்தத் தடவை அவளே பேச்செடுத்தாள். முந்தின நாள் இரவு அல்ல, அன்று காலையில்தான், டீயை ஆற்றிக்கொண்டே.

"இன்னிக்கு ரெண்டாம் பாதியில நான் தனியா வாசிக்கறேன்டி. பதினாலு நிமிஷம்."

"அப்படியா? சொல்லவே இல்லியே!"

"சொல்லி என்ன ஆகப் போகுது? இடைவேளையில பூரா ஜனமும் எழுந்து போயிடும். எப்பவும் அப்படித்தான். எட்டு வருஷமா நாற்காலிக்குத்தான் வாசிச்சுக்கிட்டிருக்கேன். இன்னிக்கும் போயிட்டாங்கன்னா, சாயங்காலம் ஓஸ்மானுக்கு போன் பண்ணி வர்றேன்னு சொல்லிடப் போறேன். இன்னிக்குத்தான் கடைசி நாள்னு சொல்லியிருக்கான்."

ஓஸ்மான் துருக்கியில் கடலோர ஹோட்டல் ஒன்றுக்கு ஆள் பிடிப்பவன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மேஜைகளுக்கு நடுவே நெளிந்துகொண்டு மின்சார வயலின் வாசிக்க வேண்டும். போட்டுக்கொள்ள வேண்டிய உடையின் படத்தையும் அனுப்பியிருந்தான். முதுகே இல்லாத வெள்ளி உடை. மற்ற பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற வீடியோவும் இருந்தது. ஒருவன் வாய் நிறைய இறைச்சியை மென்றுகொண்டே அவர்களில் ஒருத்தியின் இடுப்பருகே போனை நீட்டிப் படமெடுக்கிறான்.

அக்கா அங்கே போகக்கூடாது என்று நினைத்தேன். அவளுடைய மானத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவள் போய்விட்டால் அந்த அறையில் நான் தனியாகக் கிடக்க வேண்டுமே என்ற பயமும் அதில் பாதி இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"நாங்க நாப்பத்தாறு பேர் வர்றோம்க்கா, பாத்துக்கறேன்" என்றேன்.

முதல் பாதியைப் பற்றி என்ன சொல்ல? அதைக் கச்சேரி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நீர்ப்பாசனத் துறையில் யாரோ ஒரு பெரிய மனிதருக்கு அறுபது வயது. அதற்கு இசைக்குழு, அதற்குத் தொலைக்காட்சி, அதற்கு நாங்கள். முன் மூன்று வரிசையில் பெரிய மனிதர்கள் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு. அவர்களுக்குப் பின்னால், படத்தில் அரங்கம் நிரம்பித் தெரிவதற்காக, மாணவர்களும் நர்சுகளும் தபால்காரர்களும். அரங்கம் முழுக்க நனைந்த காலுறை நாற்றமும் மலிவு சென்ட்டும் கூடத்துச் சிற்றுண்டிக் கடையிலிருந்து ஆட்டுக்கொழுப்பு வாசனையும். காதில் கருவி மாட்டிய ஒரு பெண் பக்கவாட்டில் நின்றாள். அவள் கையை உயர்த்தினால் நாங்கள் தட்ட வேண்டும், தாழ்த்தினால் நிறுத்த வேண்டும். இதற்கு இரண்டு முறை ஒத்திகை வேறு.

ஒருவர் மாற்றி ஒருவராக வந்து புகழ்ந்தார்கள். எங்கள் வழக்கப்படி எதையும் ஒன்பதாகத்தானே கொடுக்க வேண்டும்? ஒன்பது மாவட்டத்துக்காரர்கள் ஒன்பது பூவேலை அங்கி போர்த்தினார்கள். கழற்றினால் மரியாதைக் குறைவு என்று மனிதர் எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே நின்றார். ஏழாவது அங்கிக்கு மேல் கை மடங்கவில்லை, வியர்வை கொட்டியது, ஒன்பதாவதில் வைக்கோல் போர் ஆகிவிட்டார். அவருக்குப் பின்னால் என் அக்காவும் இன்னும் ஐம்பது பேரும் கருவிகளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சுவர்ப் படம் போல் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் இசைக்குழுவை நடத்துகிற குச்சிக்காரர் வந்து குச்சியைத் தூக்கினார். ஐம்பது பேரும் நிமிர்ந்தார்கள். முதல்முதலாக ஆர்கெஸ்ட்ரா கேட்கப்போகிறோம் என்று எனக்கும் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன். இசை வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேடையிலிருந்து வரவில்லை, தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து வந்தது.

தொலைக்காட்சிக்காக ரெக்கார்டைப் போட்டுவிட்டு, அவர்களை வாசிக்கிற மாதிரி நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது எப்படித் தெரிந்தது என்றால், நடுவில் ரெக்கார்டு அப்படியே நின்றுபோனது. மூன்று நொடி, நாலு நொடி. வில்கள் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தன, எக்காளக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டே இருந்தார், ஒரு சத்தம் கிடையாது. பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் ஒருவரும் திரும்பக்கூட இல்லை. அங்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உருகிவிட்டாராம்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தாளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. துருக்கி ஹோட்டலில் மென்றுகொண்டே படமெடுத்தவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அவனாவது இரவுச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறேன் என்று ஒத்துக்கொள்கிறான்.

இடைவேளை விட்டதும் தொப்பிகள் மொத்தமும் விருந்துக்குக் கிளம்பிவிட்டன. கேமராக்காரர்கள் வயரைச் சுருட்டினார்கள். கருவி மாட்டிய பெண் அதைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டாள். தமிராக்கா, தான் வந்திருப்பதை எங்கள் டீன் பார்த்துவிட்டார் என்பதை உறுதி செய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"மாரல், டோக்கனையெல்லாம் குடுத்து அனுப்பிடும்மா. நான் கிளம்பறேன், என் மினி பஸ் போயிடும்."

"ரெண்டாம் பாதி இருக்கேக்கா?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. வெறும் பாட்டுதான்."

சொல்லிவிட்டுப் போயேவிட்டார். பை என் கையில்.

கூடத்தில் நின்று பார்த்தேன். நர்சுகள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர்கள் ஏற்கெனவே தெருவில். எங்கள் ஆட்கள் நாற்பத்தாறு பேரும் கோட்டு வாங்கும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு என்னைத் தேடினார்கள். இவர்களும் போனால் உள்ளே எண்ணூறு நாற்காலி, நான் ஒருத்தி. அக்கா பதினாலு நிமிஷம் எனக்கு வாசிப்பாள், பிறகு ஓஸ்மானுக்கு போன் பண்ணுவாள்.

பையை ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு கட்டிக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

"பை எங்க?" என்றான் இலியாஸ்.

"தமிராக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க. கடைசியிலதான் வந்து குடுப்பாங்களாம். எல்லாரும் உள்ள போய் உக்காருங்க."

"என்னது? பெருசுங்கள்லாம் போயாச்சே! இன்னும் யாருக்கு நாங்க கைதட்டணும்?"

"எனக்கென்னடா தெரியும்? அவங்களைப் போய்க் கேளு."

"அவங்களுக்கு மாட்டு ஊசியைத்தான் போடணும்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் தமிராக்காவைத் திட்டினார்கள். கேட்கவே கூசும் வசவுகள். நானும் தலையாட்டினேன். பொய் இவ்வளவு லேசாக வாயிலிருந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்கள், சிர்காவைத் தவிர. சிர்கா எங்கள் வகுப்பில் கல்யாணமானவள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

"மாரல், அஞ்சு மணிக்கு நர்சரியைப் பூட்டிடுவாங்கடி. அவரு ஊர்ல இல்ல. நான்தான் போயி கூட்டிட்டு வரணும்."

"கொஞ்சம் பொறுடி. வந்துடுவாங்க."

"எப்ப வருவாங்க? இப்பவே நாலே முக்கால். கோட்டு குடுக்கற அம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

கோட்டு கொடுக்கிற பெண்மணியிடம் அவள் கெஞ்சினாள். நானும் கூட நின்று கெஞ்சுவது போல் நின்றேன். அந்த அம்மாள் தலையைக்கூட உயர்த்தவில்லை. "தகரம் இல்லாம கோட்டு கிடையாது. நாளைக்குக் கோட்டு காணோம்னு வேற ஒருத்தி வந்து அழுவா. எனக்கு வேணாம்ப்பா" என்றாள்.

அப்போது நான் பையை எடுத்திருக்கலாம். ஒரே ஒரு தகரம்தானே! ஆனால் எடுத்தால் நாற்பத்தாறும் சலசலக்கும், சிர்காவுக்குத் தெரியும், சிர்காவுக்குத் தெரிந்தால் உள்ளே எல்லோருக்கும் தெரியும். என் வயிற்றில் அந்தத் தகரங்கள் குத்திக்கொண்டிருந்தன. கையைக் கட்டிக்கொண்டேன்.

"உனக்கு என்ன, வயித்து வலியா?" என்றாள் சிர்கா. அந்த நிலைமையிலும் கேட்டாள்.

"லேசா."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கழுத்துத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, மேலே போட்டிருந்த மெல்லிய கம்பளிச் சட்டையோடு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். திறந்த கதவு வழியாக வந்த குளிரில் அந்த அம்மாள் "கதவைச் சாத்துங்களேன்!" என்று கத்தினாள். நான்தான் சாத்தினேன்.

உள்ளே போய், எல்லோருக்கும் பின்னால், வாசலை ஒட்டின நாற்காலியில் பையின் மேலேயே உட்கார்ந்தேன். அக்கா மேடைக்கு வந்தாள். கறுப்பு உடை, அம்மாவுடைய வெள்ளிக் காதணி. நாற்காலிகளைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டே வந்தவள், நடுவில் நின்று மெதுவாக நிமிர்ந்தாள். நான்கு வரிசையில் ஆட்கள். அவள் முகம் மாறினது பின்வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது.

அவள் வாசித்தாள். நான் எண்ணினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. மூன்றாம் வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள், கழிவறைக்கா ஓடவா என்று பார்த்தேன், இடம்தான் மாற்றிக்கொண்டார்கள். நாற்பத்தைந்து. யாரோ சூரியகாந்தி விதை கொறித்தார்கள். ஒரு போன் கிணுகிணுத்தது. கதவுப் பக்கம் காலடி கேட்டதும் தமிராக்கா திரும்பி வந்துவிட்டாரோ என்று பையின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். துப்புரவுப் பெண். மறுபடி எண்ணினேன். இந்நேரம் சிர்கா அந்தச் சதுக்கத்தைத் தாண்டியிருப்பாளா, மூக்கு வெளுத்துப்போயிருக்குமே என்று நினைத்தேன், பிறகு நினைக்காமல் மறுபடி எண்ணினேன்.

நடுவில் ஒரு இடத்தில் கொறிப்புச் சத்தம் நின்றது. குசுகுசுப்பும் நின்றது. ஒரு சத்தமும் இல்லையே, எந்த வழியாகவாவது நழுவிவிட்டார்களோ என்று பதறி எட்டிப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். இலியாஸ் கையில் விதைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் எதற்குத் திறந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மேடையைப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. கைதட்டினார்கள். கையைத் தூக்கிக் காட்ட யாரும் இல்லாமலேயே தட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவசர அவசரமாகச் செய்தேன். தமிராக்கா பையைக் கொடுத்தனுப்பியதாக இன்னொரு பொய், நம்பர் கூப்பிட்டுத் தகரம் கொடுத்தல், தள்ளுமுள்ளு. இலியாஸ் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, "உங்கக்கா பெரிய ஆளுதான்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேலி எதுவும் செய்யாமல் போனான். எல்லோரும் போன பிறகு பையில் ஒரு தகரம் இருந்தது.

பக்கக் கதவைத் திறந்துகொண்டு அக்கா ஓடிவந்தாள், வயலின் பெட்டியை மூடக்கூட இல்லை. என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு சூடாக இருந்தது.

"பாத்தியாடி? பாத்தியா? ஒருத்தர்கூட எழுந்து போகல! யாரும் அவங்களைப் புடிச்சு வைக்கலியே, கேமராவும் போயாச்சு, பெரிய மனுஷங்களும் போயாச்சு. அவங்களாவே உக்காந்திருந்தாங்க!"

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. சிர்கா. கையில் குழந்தை, தலையிலிருந்து கால்வரை நர்சரிப் போர்வையில் சுற்றப்பட்டு மூக்கு மட்டும் தெரிய. சிர்காவின் உதடுகள் நீலமாக இருந்தன, இமையில் வெள்ளையாகப் பனி ஒட்டியிருந்தது, பல் கிட்டி நடுங்கினாள்.

"அய்யோ, குழந்தையைக் கூட்டிட்டு வந்திருக்காங்க!" என்றாள் அக்கா. "கச்சேரி கேக்கவா? முடிஞ்சிடுச்சேம்மா. அடடா, இந்தக் குளிர்ல!"

சிர்கா அக்காவைப் பார்த்தாள், அவள் கையில் இருந்த வில்லைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நர்சரியிலிருந்து தமிராக்காவுக்கு போன் பண்ணியிருக்கிறாள். அது அவள் வாயைத் திறக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா வாசிச்சீங்களாம்க்கா" என்றாள் அக்காவிடம். பல் அடித்துக்கொண்டதில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "வெளியில போறவங்கள்லாம் சொல்லிட்டுப் போனாங்க."

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். தகரத்தை அந்தக் கையில் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை, மற்றக் கையால் மடக்கிக்கொண்டாள். காறித் துப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்கா இதையெல்லாம் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போயிருந்தாள். "இல்ல ஓஸ்மான், வரல. ஆமா, நல்லா யோசிச்சுட்டேன். வேற ஆள் பாத்துக்கோங்க. இங்கயே இருந்துடறேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். வாயைத் திறந்து தடுக்க எனக்கு அரை நிமிஷம் இருந்தது. எட்டு வருஷமாக நாற்காலிகளுக்கு வாசித்தவள், இனியும் நாற்காலிகளுக்கேதான் வாசிப்பாள் என்று தெரிந்தே நின்றேன். அவள் போனை அணைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சரி, நீ சொல்லு. உனக்கு எந்த இடம் பிடிச்சுது?"

ஒரு சுரம்கூட என் காதில் விழவில்லை. தலைகளின் எண்ணிக்கையைத் தவிர அந்தப் பதினாலு நிமிஷத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை.

"எல்லாமே நல்லா இருந்துச்சுக்கா."

"நடுவுல ஒரு இடத்துல மெதுவா வருமே, அங்க எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டாங்க, கவனிச்சியா?"

"கவனிச்சேன்க்கா."

அவள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இடது கை விரல் நுனிகளில் வயலின் தந்தி அழுத்தின கோடுகள் சொரசொரவென்று இருந்தன.

"அடுத்த மாசம் எட்டாம் தேதி மறுபடியும் எனக்குத் தனியா குடுத்திருக்காங்கடி. இவங்களையெல்லாம் கூட்டிட்டு வருவியா?"

"கூட்டிட்டு வர்றேன்க்கா" என்றேன்.